வேலாங்காட்டு வெயில்

தாது வருஷத்துப் பஞ்சத்தில் வேலாங்காட்டிலிருந்து இருபத்தெட்டுப் பேர் கண்டிச் சீமைக்குக் கிளம்பி, பத்தொன்பது பேர் போய்ச் சேர்ந்து, காட்டை வெட்டி, கோப்பி நட்டு, லயம் என்கிற வரிசை வீடு கட்டி, பிள்ளை பெற்று, இன்றைக்கு மூன்று தேசத்தில் சிதறிக் கிடக்கிற ஒரு பெரிய வகையறாவாகப் பெருகினார்கள் என்றால், அந்த வகையறாவுக்கு முதல் பெண்பிள்ளையான சிலம்பாயியைப் பற்றி முதலில் சொல்ல வேண்டியது, அவள் அங்கே பிழைக்கப் போகவில்லை என்பதுதான். மற்றவர்கள் சோற்றுக்குப் போனார்கள். அவள் மழைக்குப் போனாள், அதுவும் தனக்காக இல்லை.

அவளுக்குச் செவந்தி என்று ஐந்து வயதில் ஒரு மகள் இருந்தாள். ஆள் பிடிக்க வந்த உத்தண்டன் கங்காணி ஊர் நடுவில் நின்று, "கண்டிச் சீமையில நாம தண்ணியத் தேடிப் போறதில்ல, தண்ணிதான் நம்மளத் தேடி வரும். எட்டு மாசம் மழை, மிச்ச நாலு மாசம் தூறல்" என்று அளந்துவிட்டதை வாய் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்த அந்தப் பிள்ளை, அன்றிலிருந்து வேறு பேச்சே பேசவில்லை. அங்கே மழை எவ்வளவு பெரிசு, வாயைத் திறந்துகொண்டு நின்றால் உள்ளே விழுமா, யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்களா என்று கேட்டுக் கேட்டுத் தாயின் உயிரை எடுத்தாள்.

கிளம்புகிற அன்றைக்குச் சிலம்பாயியிடம் ஒரு சுரைக்குடுக்கைத் தண்ணீர் இருந்தது. காய்ந்து வெடித்த ஏரிக்குள் ஆள் உயரத்துக்குக் குழி பறித்து, இரண்டு நாள் காத்திருந்து, கசிந்ததைச் சிரட்டையால் வழித்து வழித்து ஊற்றிச் சேர்த்த தண்ணீர், வழி நடைக்கென்று வைத்தது. உச்சி வெயிலில் செவந்தி கேட்டாள். "பொறு கண்ணு. வெயில் தாழட்டும், போற வழியில தாரேன்" என்றாள் சிலம்பாயி. கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை, எந்தத் தாயும் ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்கிற வார்த்தைதான். வெயில் தாழ்ந்தது. அதற்குப் பிறகு செவந்தி கேட்கவில்லை.

புருஷன் மூக்கன் ஏரிக்குள்ளேயே பிள்ளைக்குக் குழி தோண்டினான். மூடி முடித்ததும் சிலம்பாயி குடுக்கையைத் திறந்து, அத்தனை தண்ணீரையும் அந்த மண்மேல் கவிழ்த்தாள். யாரும் தடுக்கவில்லை. தண்ணீர் போன இடம் தெரியவில்லை, மண்ணின் நிறம்கூட மாறவில்லை. அவள் அந்த மண்ணிலிருந்து ஒரு கைப்பிடி அள்ளி, முந்தானை முனையில் முடிந்துகொண்டாள். மழை பெய்கிற ஊருக்குக் கொண்டுபோய் நல்ல மழையில் தூவிவிட வேண்டும், பிள்ளை குடித்துக்கொள்ளும். அவ்வளவுதான் அவள் கணக்கு. அதற்காகத்தான் வயிற்றில் அடுத்த பிள்ளையோடு நடந்தாள், கடல் தாண்டினாள், மன்னார்க் காட்டு வழியில் எலும்புக்கூடுகளைத் தாண்டித் தாண்டி நடந்தாள்.

இதற்கு நடுவில் ஊர் மண் ஒன்றும் இருந்தது. ஊர்விட்டு ஊர் போய்க் குடியேறுகிற சனம், குலதெய்வத்தின் கோயிலிலிருந்து ஒரு பிடி மண் எடுத்துப் போய், போன இடத்தில் கல் நட்டு அதன் அடியில் போட்டால்தான் தெய்வம் கூட வரும். பிடிமண் இல்லாத ஊரில் தெய்வம் இல்லை, தெய்வம் இல்லாத ஊரில் செத்தாலும் போக்கிடம் இல்லை. வேலாங்காட்டுச் செல்லாயி கோயில் பிடிமண்ணை எடுத்து வரும் உரிமை மூத்த பங்காளியான மூக்கனுடையது. முறைப்படி எடுத்து மஞ்சள் துணியில் கட்டி இடுப்பில் செருகியிருந்தான். மன்னார் தாண்டிய நாலாம் நாள் பேதி கண்டு செத்தான். பேதியில் செத்தவனைத் தொட்டுத் தடவி அழ யாருக்கும் நேரமில்லை, கிடந்தபடியே தள்ளி மண்ணைப் போட்டு மூடிவிட்டு நடந்தார்கள். செல்லாயி அவன் இடுப்பிலேயே புதைந்து போனது இரண்டு நாள் கழித்துத்தான் சிலம்பாயிக்கு உறைத்தது. அதை யாரிடமும் சொல்ல அவளுக்குத் தெம்பில்லை.

மலையேறி இருட்டுமலைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தபோது அங்கே தோட்டம் என்று ஒன்றும் இல்லை. மரம், மரத்துக்குப் பின்னால் மரம், அட்டை, பனி, வெட்டிச் சாய்க்க வேண்டிய காடு, ஒரு துரை, அவர் குடை. வானம் மூட்டம் போட்டு நின்றது. முந்தானை முடிச்சை அவிழ்க்கச் சிலம்பாயியின் கை போன நேரத்தில், உத்தண்டன் கங்காணி ஒரு மேட்டில் கல்லைப் புரட்டி நிறுத்திவிட்டுக் கூப்பிட்டார்.

"ஏத்தா சிலம்பாயி, பிடிமண்ணு எங்க? மூக்கன் உங்கிட்டதான குடுத்திருப்பான்?"

பத்தொன்பது பேரில் மற்ற பதினெட்டுப் பேரும் அவளைப் பார்த்தார்கள். தாயை, பிள்ளையை, மாட்டை, வீட்டை என்று சொந்தப் பெயரைத் தவிர எல்லாவற்றையும் வழியில் போட்டுவிட்டு வந்த சனம். இதுவும் இல்லை என்று அவர்களிடம் எந்த வாயால் சொல்வது? அவள் கை முந்தானை முடிச்சில் இருந்தது, எல்லோரும் அதைப் பார்த்துவிட்டார்கள்.

"பத்தரமா முடிஞ்சு வச்சிருக்கா பாரு. இவளல்லவா பொம்பள!" என்றாள் பூவாயி. மூக்கனுக்குத் தங்கை முறை, சிலம்பாயிக்கு வழித்துணை. அவளே முடிச்சை அவிழ்த்து மண்ணை வாங்கிக் கங்காணி கையில் கொடுத்தாள். கங்காணி அதைக் கல்லடியில் போட்டு, குதிகாலால் மிதித்து இறுக்கி, மஞ்சள் தண்ணீர் தெளித்தார். "ஆத்தா எறங்கிட்டா" என்றார். எல்லோரும் விழுந்து கும்பிட்டார்கள். சிலம்பாயியும் விழுந்தாள். மண்ணோடு மண்ணாக முகத்தை வைத்து, "மழை வருது செவந்தி" என்று அவள் சொன்னது யார் காதிலும் விழவில்லை.

மழை வந்தது. பிறந்ததிலிருந்து மழையைத் துளியாக மட்டுமே பார்த்திருந்த சனத்தின்மேல் அது கயிறு கயிறாக இறங்கி, மரத்தை அறைந்து, மேட்டை வழித்து, ஆட்களை உட்கார வைத்தது. எல்லோரும் மரத்தடிக்கு ஓட, அவள் மட்டும் கல்லைப் பார்த்து ஓடினாள். சுற்றி எங்கும் பெய்த மழை, கல்லடியில் ஒரு முறம் அகலத்துக்குப் பெய்யவில்லை. அந்த முறம் அகலத்தில் வேலாங்காட்டு வெயில் அடித்துக்கொண்டிருந்தது. வெள்ளை வெயில், உச்சி வெயில், செவந்தி தண்ணீர் கேட்ட அந்த நேரத்து வெயில்.

எல்லோரும் வந்து பார்த்தார்கள். மழையில் நனைந்துகொண்டே சுற்றி நின்று வெயிலைப் பார்த்தார்கள். ஒருவருக்கும் ஆச்சரியம் இல்லை. "பின்ன? நம்ம ஊர் ஆத்தா நம்ம ஊர் வெயிலத்தான கொண்டாருவா" என்று சொல்லிவிட்டு, பூவாயி தன் ஈரக் கம்பளியைக் கொண்டுவந்து அங்கே விரித்தாள். கால் நாழிகையில் மொறமொறவென்று காய்ந்துவிட்டது.

அதிலிருந்து ஆரம்பித்தது. எட்டு மாசம் மழையும் நாலு மாசம் தூறலுமான அந்த மலையில், போட்டது எதுவும் காயாது, விறகு பற்றாது, மிளகாய் பூசணம் பூத்துவிடும், உடம்பில் சேலை காய்வதற்கு உடம்புச் சூடுதான் கதி. அப்படியிருக்க, அள்ளிக் குடிக்கிற மாதிரி ஒரு வெயில் இருந்தால் சனம் சும்மா இருக்குமா? முறம் அகலம் பாய் அகலமானது, பாய் அகலம் அடுத்த வருஷத்தில் ஒரு வண்டி நிற்கிற அகலமானது, மூன்றாம் வருஷம் நெல்லடிக்கிற களம் அளவுக்கு வளர்ந்தது. வளர வளர அதற்கு முறையும் வழக்கமும் சண்டையும் உண்டாயின. முதலில் தொட்டில் துணி, பிறகு கம்பளி, பிறகு மிளகாய், கடைசியில் விறகு என்று கங்காணி வரிசை வைத்தார். கங்காணி பெண்சாதியே வரிசை தாண்டி விறகைக் கொண்டுவந்து போட்டாள், அதில் இரண்டு லயத்துக்கும் ஆறு மாசம் பேச்சுவார்த்தை இல்லை. கீழ்க் கிராமத்துச் சிங்களவர் ஒருவர் மாசம் ஒரு தடவை பாக்கு மூட்டையைச் சுமந்துவந்து காயப்போட்டுவிட்டு, பதிலுக்குப் பலாப்பழம் வைத்துவிட்டுப் போனார். ஊர் நினைப்பு வந்தவர்கள் போய் அங்கே உட்கார்ந்து, முதுகில் ஊர் வெயில் படப் பேன் பார்த்துக்கொண்டார்கள். வெயிலோடு புழுதி வாசனையும் வந்தது. எந்த ஊர் தங்களைச் சாகடிக்கப் பார்த்ததோ அந்த ஊர் வாசனையை மூக்கு விரிய இழுத்து மூச்சுவிட்டு, "ஆத்தா, ஆத்தா" என்றார்கள். துரை குடையைப் பிடித்துக்கொண்டு வந்தார், வட்டத்துக்குள் காலை வைத்தார், குடையை மடக்கினார், வெளியே வந்தார், விரித்தார். நாலைந்து தடவை இப்படி மடக்கி விரித்துப் பார்த்துவிட்டுப் போய், மறுநாளிலிருந்து கோப்பிக் கொட்டையை அங்கேயே காயவைக்கச் சொல்லி உத்தரவு போட்டார். சாமி கல்லைச் சுற்றிக் கொட்டை பரப்பினார்கள். இருட்டுமலைக் கோப்பிக்கு மட்டும் பூசணம் வாசனை இல்லை என்று கொழும்பில் பேர் கிடைத்ததாம்.

வருஷா வருஷம் பொங்கல் வைத்து, ஆத்தா, இந்த வெயில் குறையாமல் பார்த்துக்கொள், ஒரு சொட்டு விழாமல் பார்த்துக்கொள் என்று எல்லோரும் கும்பிட்டார்கள். அந்தக் கூட்டத்தில் ஒருத்தி மட்டும், ஒரு சொட்டு, ஒரே ஒரு சொட்டு என்று கும்பிட்டாள். தினமும் விடிந்ததும், ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் பேர் கொடுக்கப் போகும் முன், ஓடையில் ஒரு குடம் மொண்டு வந்து கல்லடியில் ஊற்றினாள். ஏரிக்குள் ஊற்றினபோது எப்படியோ அப்படித்தான், மண் நிறம் மாறவில்லை. சனம் அதைப் பக்தி என்றது. "சிலம்பாயி மாதிரி தெய்வத்துக்கு ஊழியம் செய்ய நமக்கு முடியுமா?" என்றது. அவள் அதைக் கேட்டுக்கொண்டு கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள். வெட்டின மரத்துக்குக் கிளை கழித்தாள், தண்ணீர் வடியக் கான் வெட்டினாள், குழி தோண்டினாள், கோப்பி நட்டாள், பழம் பறித்தாள். அட்டை கடித்த கால் புண்ணானது. கையெல்லாம் மரக்கட்டையானது. சுற்றிலும் எட்டு மாசம் ஊற்றுகிற மழைக்கு நடுவில் தன் பிள்ளை மட்டும் நாவறண்டு படுத்திருப்பதைப் பார்த்துக்கொண்டே ஒரு தாய் எப்படி உயிரோடு இருந்தாள் என்று கேட்டால், வேலை இருந்தது, அதனால் இருந்தாள்.

மலைக்கு வந்த ஐந்தாம் மாசம் பிறந்தவள் மலையாயி. பிள்ளைக்கு மூன்று வயதில் நெஞ்சில் சளி கட்டி, மூச்சு இழுத்து, நகக்கண் நீலம் பூத்துவிட்டது. அந்த ஈரத்தில் அதே மாசம் இரண்டு பிள்ளைகள் போயிருந்தன. பூவாயி மலையாயியைத் தூக்கிக்கொண்டு போய்க் கல்லடியில் வெயிலில் படுக்க வைத்தாள். சிலம்பாயி ஓடி வந்து பார்த்தபோது, மூத்தவள்மேல் இளையவள் படுத்திருந்தாள்.

ஒன்பது நாள் அவள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். சுற்றி மழை சுவர் வைத்தது போல நின்றது. ஆறாம் நாள், மேலே வெயில் கொஞ்சம் மங்கினது. வட்டத்தின் விளிம்பில் ஒரு துளி, இன்னொரு துளி விழுந்தது. நாலு வருஷமாக அவள் கேட்டது அதைத்தான். மடியில் மலையாயியின் நெஞ்சு துருத்திபோல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. சிலம்பாயி கல்லடி மண்ணில் கையை வைத்தாள்.

"பொறு கண்ணு" என்றாள். "தங்கச்சிக்கு நல்லா ஆகட்டும். அப்புறம் வரட்டும் மழை. பொறு."

துளி நின்றது. வெயில் திரும்ப வெள்ளையாக அடித்தது. மலையாயி பிழைத்தாள். அந்த மழை பிறகு வரவே இல்லை. சொன்ன சொல் கேட்கிற பிள்ளை, எப்போதுமே அப்படித்தான் இருந்தது என்று நினைத்துச் சிலம்பாயி அடுப்படியில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள்.

பிறகு கோப்பிக்கு நோய் வந்தது. இலைக்கு அடியில் மஞ்சள் பொடி தூவினதுபோல வந்து, இலை உதிர்ந்து, மரம் மொட்டையாகி, ஒரு மலையிலிருந்து அடுத்த மலைக்குத் தாவி, இரண்டு வருஷத்தில் கண்ணுக்கு எட்டிய தூரம் எல்லாம் குச்சியாக நின்றது. அத்தனை காட்டை வெட்டினது, அத்தனை பேர் செத்தது, எல்லாம் குச்சிக்கு. துரை ஒருநாள் காலையில் குதிரை ஏறிப் போனார், குடையை மறந்து வைத்துவிட்டுப் போனார், அவருக்குப் பதிலாக யாரும் வரவில்லை. உத்தண்டன் கங்காணி அலைந்து திரிந்து, இரண்டு நாள் நடைத் தூரத்தில் தேயிலை போடுகிற தோட்டத்தில் பேசிவிட்டு வந்தார்.

"மூட்டையக் கட்டுங்க. ஆத்தாளையும் எடுத்துக்கிருவோம். பிடிமண்ண எடுக்குறது சிலம்பாயிதான். கொண்டாந்தவ கைதான் எடுக்கணும்."

கிளம்புவதற்கு முதல் நாள், வெயிலில் கடைசியாகத் துணி புரட்டிப் போட்டுக்கொண்டிருந்த பூவாயியிடம் சிலம்பாயி சொல்லிவிட்டாள். எட்டு வருஷமாக நெஞ்சில் வைத்திருந்ததை, நின்றபடியே, ஏரியில் ஆரம்பித்து மூக்கன் இடுப்பு வரைக்கும் சொல்லி முடித்தாள். பூவாயி கையில் இருந்த துணியை மடித்தாள், பிரித்தாள், திரும்ப மடித்தாள்.

"மதினி, நீ சொல்லல, நான் கேக்கல" என்றாள்.

"நெசந்தான் பூவாயி. அது செவந்தி."

"எம்புள்ளைக ரெண்டும் இந்த வெயில்லதான் பொழச்சுச்சு. உம்மவளும்தான். இது ஆத்தா இல்லேன்னா இத்தன வருசமா நான் யாரக் கும்புட்டேன்? ஒரு பச்சப்புள்ள தண்ணிக்கு அழுவுறதயா கும்புட்டேன்? அது வேண்டாம் மதினி. என்னால முடியாது. இத இன்னொருத்தர் காதுல போட்றாத."

துணியை அள்ளிக்கொண்டு போனாள். லயத்து வாசல்வரை போனவள் திரும்பி வந்து சிலம்பாயியின் கையை ஒரு தடவை பிடித்துவிட்டுப் போனாள். அவளைக் குறை சொல்ல முடியாது. நாலு பிள்ளையைப் பெற்று இரண்டைக் காப்பாற்றினவள், அந்த இரண்டுக்கும் ஒரு தெய்வம் காரணமாக இருக்க வேண்டும் என்று நினைப்பதில் தப்பில்லை.

மறுநாள் காலை, சனமெல்லாம் மூட்டையோடு நிற்க, சிலம்பாயி ஒருத்தியாகக் கல்லடியில் போய் உட்கார்ந்து தோண்டினாள். மலை மண் கறுப்பு, ஊர் மண் வெளுப்பு. ஒரு முழம் தோண்டியதும் அந்த ஒரு கைப்பிடி அப்படியே இருந்தது, குறையவும் இல்லை, கலக்கவும் இல்லை, பஞ்சத்துச் சூடு இன்னும் ஆறவும் இல்லை. கையில் வைத்துப் பார்த்தாள். கொண்டுபோனால் இன்னொரு கல்லடியில் போடுவார்கள், இன்னொரு சனம் துணி காயப்போடும், பிள்ளை அங்கேயும் காயும். விட்டுவிட்டுப் போனால் இந்த மலையில் பிள்ளை ஒண்டியாகக் கிடக்கும். அங்கேயே விட்டுவிட்டு மழை வருகிறதா என்று இருந்து பார்க்கலாம்தான். ஆனால் சனம் நிற்கிறது, மலையாயி, "ஆத்தா, வா" என்று கூப்பிடுகிறாள், கங்காணி இருமுகிறார். எட்டு வருஷம் பொறுத்தவளுக்கு அந்த ஒரு கால் நாழிகை பொறுக்க முடியவில்லை.

செவந்தி வயிற்றில் இருந்தபோது சிலம்பாயிக்கு மண் தின்னும் மசக்கை. சுவரைச் சுரண்டித் தின்று மாமியாரிடம் திட்டு வாங்கினவள். அந்தப் பழக்கம் கைக்கு ஞாபகம் வந்ததோ என்னவோ, அந்தக் கைப்பிடியை வாயில் போட்டு, எச்சில் ஊறாத வாயால் மென்று, விழுங்கினாள். வந்த இடத்துக்கே போகட்டும். நான் குடித்தால் அவள் குடித்தமாதிரி. பிறகு பக்கத்துக் கறுப்பு மண்ணில் ஒரு பிடி எடுத்து மஞ்சள் துணியில் கட்டிக் கங்காணியிடம் கொடுத்தாள். இரண்டாம் தடவையும் பொய்தான்.

கணவாய் ஏறும்போது பின்னால் வந்தவர்கள் கத்தினார்கள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கீழே, எட்டு வருஷமாக மழை காணாத அந்த வட்டத்தில் மழை பெய்துகொண்டிருந்தது.

"ஆத்தா நம்மளோட வந்துட்டா! எடம் காலியாயிருச்சு பாருங்க!" என்று கங்காணி மஞ்சள் துணியைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தார். பெண்கள் குலவை போட்டார்கள். பூவாயியும் போட்டாள், கண்ணை மூடிக்கொண்டு, எல்லோரையும்விடச் சத்தமாகப் போட்டாள்.

மண்ணை எடுத்ததால் மழை வந்ததா, அல்லது வர இருந்த மழைக்குக் கொஞ்சம் முன்னால் மண்ணை எடுத்துவிட்டாளா? இந்தக் கேள்விக்குச் சிலம்பாயிக்குச் சாகும்வரை பதில் கிடைக்கவில்லை. மூட்டையைப் போட்டுவிட்டுச் சறுக்கி விழுந்து எழுந்து கீழே ஓடினாள். வட்டத்துக்கு நடுவில் போய் நின்று வானத்தைப் பார்த்து வாயைத் திறந்தாள். அவளுக்கு ஒரு சாண் தூரத்தில், தலைக்குமேலே, தோளுக்குப் பக்கத்திலே, சுற்றிச் சுற்றி மழை பெய்தது. அவள்மேல் பெய்யவில்லை. வெயில் அவள் தலையில் மட்டும் அடித்தது.

புதுத் தோட்டத்தில் கல் நட்டார்கள். அந்தக் கல் மற்றக் கல்லைப்போல நனைந்து பாசி பிடித்தது. "ஆத்தா குளுந்துட்டா" என்று சனம் அதற்கும் ஒரு கும்பிடு போட்டது. சிலம்பாயிமேல் மழை பெய்யாததைப் பார்த்து, இத்தனை வருஷம் தண்ணீர் ஊற்றின ஊழியத்துக்கு ஆத்தா கொடுத்த வரம் என்றது. வரத்தை வீணாக்குவார்களா? பெரட்டுக்கு நிற்கும்போது கைப்பிள்ளைக்காரிகள் அவளை ஒட்டி நின்றார்கள். மலையில் கொழுந்து பறிக்கையில், "அக்கா, இதக் கொஞ்சம்" என்று ஈரக் கம்பளியைத் தோளில் போட்டார்கள். வயசாகி வேலைக்குப் போகாமல் லயத்து முற்றத்தில் உட்கார்ந்த பிறகு மடியில், முட்டியில், தலையில் என்று துணி காயப்போட்டார்கள், வரிசையும் வந்தது, சண்டையும் வந்தது, முதலில் தொட்டில் துணிதான். அவள் தண்ணீர் மட்டும் கேட்பாள். ஒரு நாளைக்கு நாலு குடம், ஐந்து குடம், குடித்த தண்ணீர் போன இடம் தெரியாது. உதடு வெடித்தே இருக்கும். குடித்து முடித்ததும் வயிற்றைத் தடவி, யாரிடமோ, "போதுமா?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருப்பாள். பிறகு திரும்பவும் குடத்தைப் பார்ப்பாள்.

மலையாயிக்குக் கல்யாணமாகி மூன்றாம் பிள்ளை பிறந்து இருபது நாள் ஆகியிருந்தது. ஆடி மாசத்து அடைமழை. முற்றத்தில் சிலம்பாயி உட்கார்ந்திருக்க, அவளைச் சுற்றி ஒரு பாய் அகலத்துக்கு வெயில். மடி நிறைய, தோள் நிறையப் பிள்ளைத் துணி. உள்ளே மலையாயி அழுகிற பிள்ளையை ஒரு கையில் வைத்துக்கொண்டு, எரியாத அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள்.

"மலையாயி, தண்ணி" என்றாள் சிலம்பாயி.

அன்றைக்கு அது எத்தனையாவது தடவையோ. மலையாயி அடுப்பிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள், "பொறு ஆத்தா. துணி காஞ்சுரட்டும், எடுக்க வரையில கொண்டாரேன்."

கிழவி திரும்பக் கேட்கவில்லை.

அடுப்பு பற்றி, பிள்ளை தூங்கி, மலையாயி செம்பில் தண்ணீரோடு வெளியே வந்து பார்த்தால், முற்றம் முழுக்க ஒரே சீராக மழை பெய்துகொண்டிருந்தது. சிலம்பாயி உட்கார்ந்தபடியே, தலை பின்னால் சாய்ந்து, நனைந்து ஊறிப் போயிருந்தாள். நரைமயிரிலிருந்து ஒழுகியது. கழுத்துக் குழியில் தேங்கி நின்றது. திறந்திருந்த வாய் நிறைய மழைத்தண்ணீர் இருந்தது, நிறைந்து இரண்டு பக்கமும் வழிந்துகொண்டிருந்தது. மடியில் பிள்ளைத் துணி அத்தனையும் சொட்டச் சொட்டக் கிடந்தது.

மலையாயி செம்பைக் கீழே வைத்துவிட்டு ஓடிப் போய்த் துணியைத்தான் முதலில் வாரினாள்.

"காஞ்ச துணியெல்லாம் நனைச்சுப்புட்டியே ஆத்தா" என்று திட்டினாள்.